திங்கட்கிழமைக் கூட்டம்: புதுப்படக் கருத்தும் வசூலும்

2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வெளியானது. சில நாள்களில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய மூன்று படங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அந்த அறிக்கை, முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களை வளாகத்துக்குள் விட வேண்டாம் என்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நடப்புத் தயாரிப்பாளர்களின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. படம் வெளியாகி மூன்று நாள் கழியும் வரை விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. டிசம்பர் தொடக்கத்தில் நீதிபதி எஸ். சௌந்தர் அப்படியொரு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது பேச்சுரிமைக்குள் வருகிறது, அவதூறு நடந்தால் அதற்கு வேறு சட்டவழி உண்டு என்பது நீதிமன்றத்தின் நிலை.

சட்டத்தின் கேள்வி அப்போதைக்கு அத்தோடு நின்றது. தொழிலின் கேள்வி முடியவில்லை. முதல் மூன்று நாள் பேச்சு ஒரு படத்தின் வசூலை உண்மையிலேயே தீர்மானிக்கிறதா? தீர்மானிக்கிறது என்றால் எந்தப் படத்துக்கு, எவ்வளவு? தயாரிப்பாளரின் கோபத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்தவருக்கு வெள்ளிக்கிழமை மதியம் வரும் பத்து நிமிடக் காணொளி தலையில் இடி இறங்கியது போல்தான் இருக்கும். ஆனாலும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், குற்றத்தைத் தவறான இடத்தில் தேடுகிறோம் என்றே தோன்றுகிறது. கருத்துக்கு இத்தனை பலம் வந்தது, படம் ஓடுவதற்கான காலத்தை நாமே மூன்று நாளாகச் சுருக்கிவிட்டதால்தான்.

அறிக்கையில் பெயர் வந்த படங்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 12இல் வந்த ‘இந்தியன் 2’ மூன்று மணி நேரப் படம். நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்தது. ஒரே வாரத்துக்குள் சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. ‘கங்குவா’வில் இரைச்சல் காதைக் கிழிக்கிறது என்று பார்வையாளர்கள் முதல் நாளே சொன்னார்கள். தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா, திரையரங்குகள் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் பெற்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அந்த ஒலிக்கலவையைப் பற்றி வெளிப்படையாக வருந்தி எழுதினார். பிறகு அந்தப் படமும் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. ஆக, வெளியே எதிர்க்கப்பட்ட அதே கருத்து எடிட்டிங் மேசையில் ஏற்கப்பட்டது. அதில் தவறில்லை. முன்பு சில நூறு பேருக்குப் போட்டுக்காட்டி அறிந்துகொண்டதை இப்போது லட்சம் பேரிடம் அறிந்துகொள்கிறார்கள். அந்த லட்சம் பேரும் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் என்பதே அதில் உள்ள வேதனை.

முதல் மூன்று நாளுக்கு இந்த எடை எப்படி வந்தது என்பதை அறியக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிலிம் காலத்தில் படம் தகரப் பெட்டியில் பயணம் செய்தது. ஒரு பிரிண்ட் போடுவதற்கே பெரிய செலவு என்பதால் குறைந்த பிரிண்ட்டுகளோடு சென்னை, மதுரை, கோவை போன்ற ஏ சென்டர்களில் படம் முதலில் இறங்கும். அங்கே ஓடி முடித்த பெட்டி சில வாரம் கழித்து பி சென்டருக்குப் போகும். அதற்கும் பிறகு, கோடு விழுந்த பிரிண்ட்டாக, சி சென்டரின் டூரிங் கொட்டகைக்குப் போய்ச் சேரும். பெட்டி போகும் வழியில் பேச்சும் போனது. பெரும்பாலும் பெட்டிக்கு முன்பே போனது. மதுரையில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் சொன்ன வார்த்தைதான் உசிலம்பட்டிக் கொட்டகையின் கூட்டத்தை முடிவு செய்தது. அச்சு விமர்சனமும் நிதானமாகவே வந்தது. ஆனந்த விகடனின் மதிப்பெண்ணுக்குத் திரையுலகம் காத்திருந்த காலம் அது. ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மதிப்பெண்ணை இன்றும் பேசுகிறார்கள். அந்த விமர்சனம் வாசகர் கைக்குக் கிடைக்கும்போது படம் ஓரிரு வாரம் ஓடியிருக்கும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு படம் மெதுவாக எழுந்து நிற்க இடமிருந்தது. பாலாவின் முதல் படமான ‘சேது’வை எத்தனையோ முறை விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக்காட்டியும் வாங்க ஆளில்லை. 1999 டிசம்பரில் சொற்ப திரையரங்குகளில் ஒப்புக்குத்தான் வெளியானது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். நாளாக நாளாகக் காட்சிகள் கூடின. படம் நூறு நாள் ஓடியது. விக்ரம் என்ற நடிகர் நிலைபெற்றார். இன்று அதே படம் அதே நிலையில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பகல் 11.30 மணிக்கு ஒரு காட்சி கிடைக்கும். சனிக்கிழமை அதுவும் காலியாக இருக்கும். திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள். பேச்சு பரவி ஆள் வந்து நிற்கும்போது ஸ்கிரீனில் வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும்.

2000களின் நடுப்பகுதியில் டிஜிட்டல் திரையிடல் வந்தபோது பெட்டி மறைந்தது. சென்னையில் உருவான க்யூப் போன்ற நிறுவனங்கள் ஒரே நாளில் எந்த ஊரிலும் படத்தை இறக்கும் வசதியைத் தந்தன. சிற்றூர் ரசிகனும் சென்னை ரசிகனும் ஒரே காலையில் ஒரே படத்தைப் பார்க்க முடிந்தது. இந்தச் சமத்துவத்தை நான் மனமார வரவேற்கிறேன். அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. எங்கும் ஒரே நாளில் இறங்கிய படம், எங்கும் ஒரே நாளில் தீரவும் தொடங்கியது. ஆயிரத்துச் சொச்சம் திரைகள் உள்ள மாநிலத்தில் ஒரு பெரிய நட்சத்திரப் படம் முக்கால்வாசித் திரையைப் பிடித்துக்கொண்டால், பார்க்க நினைத்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுகிறார்கள். திங்கட்கிழமைக் கூட்டம் என்பது பேச்சைக் கேட்டு வரும் கூட்டம் மட்டுமே. அதனால்தான் தொழிலில் உள்ளவர்கள் திங்கட்கிழமையைப் பரீட்சை நாள் என்கிறார்கள்.

பணக் கணக்கும் இதே திசையில்தான் தள்ளுகிறது. தமிழ்நாட்டு விநியோகம் இன்றும் பழைய ஏரியாப் பிரிவுகளின்படியே நடக்கிறது: சென்னை நகரம், செங்கல்பட்டும் இரு ஆற்காடுகளும், கோவை, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், சேலம், நெல்லை-கன்னியாகுமரி. ஒவ்வொரு ஏரியாவுக்கும் படத்தை மூன்று வழிகளில் ஒன்றில் கொடுப்பார்கள். அவுட்ரைட் என்றால் ஒரே விலைக்கு விற்றுவிடுவது. எம்.ஜி. என்றால் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை; அதற்கு மேல் வருவதில் பங்கு, வராவிட்டால் நட்டம் வாங்கியவருக்கு. மூன்றாவது டிஸ்ட்ரிபியூஷன் முறை; விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்துக் கமிஷனுக்குப் படத்தை ஓட்டுவார், லாப நட்டம் தயாரிப்பாளருடையது. எம்.ஜி.யில் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நட்டஈடு கேட்டுத் தெருவுக்கு வந்த வரலாறு நமக்கு உண்டு. 2014 டிசம்பரில் வந்த ‘லிங்கா’வுக்குப் பிறகு நடந்த விநியோகஸ்தர் போராட்டம் அதில் பெரியது.

திரையரங்கில் ஒவ்வொரு நாளும் எழுதப்படும் ஒரு தாள் உண்டு. டி.சி.ஆர். என்பார்கள், அன்றாட வசூல் அறிக்கை. காலைக் காட்சி, மேட்னி, மாலை, இரவு என்று வரிசை. ஒவ்வொரு வகுப்புக்கும் டிக்கெட் விலை, விற்ற எண்ணிக்கை, மொத்தம், வரி, நிகரம் என்று பத்திகள். விநியோகஸ்தர் அனுப்பும் ‘ரெப்’ கவுன்டர் பக்கத்திலேயே நின்று, கிழித்த டிக்கெட்டை எண்ணி, அதில் கையெழுத்துப் போடுவார். இன்று கணினியே தாளை அச்சடித்துக் கொடுத்தாலும் பத்திகள் மாறவில்லை. அந்தத் தாளின் கடைசிப் பத்தியை ஒருமுறை படித்தவர் போஸ்டரில் போடும் கோடிகளை வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் உச்ச விலையை அரசு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று வைத்தது. 2019இல் குறைந்த ஜி.எஸ்.டி.யும் தமிழ்ப் படங்களுக்கான 8 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்து ரசிகர் கொடுத்தது சுமார் 190 ரூபாய். (அந்த 8 சதவீதம் 2025இல் 4ஆகக் குறைந்தது.) இந்த 190இல் வரி போனால் 150. முதல் வாரத்தில் படத்தின் பலத்தைப் பொறுத்து 60 முதல் 70 சதவீதம் வரை விநியோகஸ்தருக்கு. 65 என்று வைத்துக்கொண்டால் 97 ரூபாய் 50 காசு. இதுதான் ‘ஷேர்’. அதில் பத்து சதவீதக் கமிஷன் போனால் தயாரிப்பாளர் கைக்கு வருவது 90 ரூபாய்க்கும் கீழே. போஸ்டரில் 100 கோடி என்று போட்டால் அதில் பாதிகூடப் படம் எடுத்தவருக்குச் சேர்வதில்லை. கருத்துச் சொல்கிறவர்களும் சரி, ஹிட் ஃபிளாப் பட்டம் கொடுக்கிறவர்களும் சரி, பெரும்பாலும் மொத்த வசூலையும் பட்ஜெட்டையும் நேருக்கு நேர் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கழிக்க வேண்டியதைக் கழிக்காத கணக்கு அது.

இதைவிட முக்கியமான ஒன்று அந்தப் பங்குச் சதவீதத்துக்குள் இருக்கிறது. முதல் வாரத்தில் 65 என்றால் இரண்டாம் வாரம் அது இறங்கும். மூன்றாம் வாரம் பாதிக்குப் பாதி என்று ஆகும். அதாவது தயாரிப்பாளருக்கு முதல் வார டிக்கெட்தான் விலை உயர்ந்த டிக்கெட். திரையரங்குக்கோ பின்னால் விற்கும் டிக்கெட்டில் லாபம் கூடுதல். ‘லியோ’வுக்கு 80 சதவீதம் வரை பங்கு கேட்கிறார்கள் என்று திரையரங்க உரிமையாளர்கள் தரப்பில் திருப்பூர் சுப்பிரமணியம் வெளிப்படையாகக் குறைப்பட்டது நினைவிருக்கலாம். இப்படி ஒப்பந்தமே முதல் வாரத்தில் பணத்தைக் குவிக்கச் சொல்லும்போது, அதே முதல் வாரத்தில் வரும் பேச்சு உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

இனி, கருத்து வசூலை எப்படி அசைக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்கலாம். ஆய்வுகள் அமெரிக்கச் சந்தையைப் பற்றியவை. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கேள்வியைச் சரியாகக் கேட்க உதவுகின்றன. 1997இல் யெஹோஷுவா எலியாஷ்பர்க், ஸ்டீவன் ஷுகன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, பத்திரிகை விமர்சனங்களுக்கும் முதல் சில வார வசூலுக்கும் பெரிய தொடர்பில்லை, பிந்தைய வாரங்களோடும் மொத்த வசூலோடும்தான் தொடர்பு தெரிகிறது என்றது. விமர்சகர் கூட்டத்தைத் திருப்பிவிடுகிறவரைவிட, கூட்டத்தின் மனத்தை முன்கூட்டிச் சொல்கிறவராகவே இருக்கிறார் என்பது அதன் பொருள். 2003இல் சுமன் பசுராய், சுபிமல் சட்டர்ஜி, ஆபிரஹாம் ராவிட் மூவரும் இதை மறுபரிசீலனை செய்தார்கள். கெட்ட விமர்சனம் முதல் வாரத்தில் செய்யும் சேதம் நல்ல விமர்சனம் செய்யும் நன்மையைவிடப் பெரியது என்று கண்டார்கள். அதனோடு இன்னொன்றும் கண்டார்கள்: கெட்ட பெயர் வாங்கிய படத்தை நட்சத்திரமும் பெரிய பட்ஜெட்டும் ஓரளவு தாங்கிப் பிடிக்கின்றன, நல்ல பெயர் வாங்கிய படத்துக்கு அவற்றால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது என்ரிகோ மொரெட்டி 2011இல் வெளியிட்ட ஆய்வு. அவர் விமர்சனங்களிலிருந்து தொடங்கவில்லை. ஒரு படத்துக்கு எத்தனை திரை கொடுக்கப்பட்டது என்பதைத் தொழிலின் எதிர்பார்ப்பாக எடுத்துக்கொண்டார். அந்தத் திரைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணித்ததைவிட முதல் வார இறுதியில் கூட்டம் அதிகமா, குறைவா என்று பார்த்தார். எதிர்பார்ப்பைத் தாண்டிய படங்களின் வசூல் பின்வரும் வாரங்களில் மெதுவாகக் குறைந்தது. எதிர்பார்ப்பை எட்டாத படங்களுடையது விரைவாகச் சரிந்தது. மழை, வெயில் போன்ற காரணத்தால் கூட்டம் குறைந்திருந்தால் மட்டும் அந்தச் சரிவு தொடரவில்லை. படத்தின் தரத்தைப் பற்றிய சேதிதான் ஆளிலிருந்து ஆளுக்குப் பரவியது, வெறும் கூட்டக் குறைவு பரவவில்லை என்பதற்கு அது சான்று. எதிர்பாராமல் பிடித்துப்போன ஒரு படத்தின் விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி ஒருவர் சொல்லி ஒருவர் வந்தது என்பது அவர் கணக்கு.

எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான தூரம்தான் பேச்சாகிறது என்ற இந்தப் பார்வையோடு நம் ஊர் வெள்ளிக்கிழமைகளைத் திரும்பிப் பார்த்தால் பலவும் விளங்குகின்றன. ‘கங்குவா’ 2000 கோடி வசூலிக்கும் என்று வெளியீட்டுக்கு முன்பே அதன் தயாரிப்பாளர் பேட்டி கொடுத்திருந்தார். அந்த உயரத்தில் வைக்கப்பட்ட படத்தைப் பற்றி ‘பரவாயில்லை’ என்று சொன்னாலே அது கெட்ட செய்திதான்.

மறுபக்கத்துக்கு 2025 மே 1ஐ எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர் ஒருவர் வேண்டுமென்றே அமைத்த சோதனை போன்ற நாள் அது. கார்த்திக் சுப்புராஜ் இயக்கத்தில் சூர்யா நடித்த ‘ரெட்ரோ’ வந்தது. அன்றே சசிகுமாரும் சிம்ரனும் நடித்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிக் கடல்வழியாக வந்து, சென்னையில் அடையாளத்தை மறைத்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. விடுமுறை நாள், ஒரே வெயில், ஒரே பள்ளி விடுப்பு. திரைகளில் பெரும்பங்கு ‘ரெட்ரோ’வுக்குப் போனது, முதல் நாள் வசூலும் அதற்கே. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ குறைந்த காட்சிகளில் தொடங்கி நாளுக்கு நாள் காட்சியைக் கூட்டிக்கொண்டே போனது. இரண்டாம் வார இறுதிக் கூட்டம் முதல் வார இறுதியைத் தாண்டியது என்பதே வர்த்தக வட்டாரக் கணிப்பு. சாதாரணமாக ஒரு தமிழ்ப் படம் இரண்டாம் வாரம் பாதிக்கும் கீழே விழுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

அந்தப் படத்துக்கும் அதே யூடியூப் மைக்குகள்தான் நீட்டப்பட்டன. மூன்று நாள் தடை அன்று அமலில் இருந்திருந்தால் முதல் அடி ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்குத்தான் விழுந்திருக்கும். ‘ரெட்ரோ’வின் ரசிகர் எப்படியும் முதல் நாள் போயிருப்பார், அவருக்கு விமர்சனம் தேவையில்லை. அறிமுக இயக்குநரின் படத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்குத்தான் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. கருத்தைத் தடுத்தால் பெரிய படம் ஒரு வார இறுதியைக் காப்பாற்றிக்கொள்ளும். சிறிய படம் தன்னிடம் இருக்கும் ஒரே விளம்பரத்தை இழக்கும்.

இது தனியொரு சம்பவமும் இல்லை. 2024 செப்டம்பர் 20இல் வந்த ‘லப்பர் பந்து’ இதே வழியில் வளர்ந்தது. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம், உள்ளூர் கிரிக்கெட், மாமனார் மருமகன் மோதல். ‘அட்டகத்தி’ தினேஷ் ஏற்ற கெத்து பாத்திரம் பேச்சு வழியாகவே ஊர் ஊராகப் போனது. திரையரங்கில் இன்னும் ஆள் வருகிறார்கள் என்பதற்காக அதன் ஓ.டி.டி. வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ 2024 ஜூன் மாதத்தில் வந்து, விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம் என்ற அடையாளத்தைத் தாண்டிப் பேசப்பட்டு, நவம்பரில் சீனத் திரைகள் வரை போனது. 2012இல் எடுத்து முடங்கிக் கிடந்த ‘மத கஜ ராஜா’ 2025 பொங்கலுக்கு வந்து ஓடியதில் பேச்சுக்கு மட்டுமல்ல, நாள்காட்டிக்கும் பங்குண்டு. ‘விடாமுயற்சி’ கடைசி நேரத்தில் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனதால் பண்டிகைத் திரைகள் காலியாயின. சிரித்துவிட்டு வர ஒரு படம் தேடிய குடும்பங்கள் அதற்குள் போய் உட்கார்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு தொடக்கத்தில் பெரிய தமிழ்ப் படங்கள் இல்லாத வெற்றிடத்தில்தான் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் வேறெந்த மலையாளப் படமும் தொடாத வசூலைத் தொட்டது. எந்தப் படம் ஓடும் என்று ஆரூடம் சொல்கிறவர்கள் படத்தை மட்டும் பார்க்கிறார்கள். அந்த வாரம் பக்கத்துத் திரையில் என்ன ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

என் வாதத்துக்கு இடிக்கும் உதாரணமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 14இல் வந்த ‘கூலி’யைப் பற்றி முதல் நாளிலிருந்தே கலவையான பேச்சுதான். லோகேஷ் கனகராஜின் முந்தைய படங்களோடு ஒப்பிட்டுக் குறை சொன்னவர்கள் ஏராளம். ஆனாலும் அந்த ஆண்டின் மிகப் பெரிய தமிழ் வசூல் அதனுடையதுதான். ரஜினியின் பெயர் முன்பதிவிலேயே பெரும்பகுதியை விற்றுவிட்டது. நட்சத்திரம் தாங்கிப் பிடிக்கும் என்ற 2003 ஆய்வின் முடிவு இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ‘கூலி’யின் எல்லையை விமர்சனத்தைவிடத் தணிக்கைச் சான்றிதழ்தான் குறுக்கியது என்பது என் கணிப்பு. ‘ஏ’ சான்றிதழ் என்பதால் பிள்ளைகளோடு வந்தவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரஜினி படத்துக்குக் குடும்பம் போகும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. சான்றிதழை மாற்றக் கோரித் தயாரிப்பு நிறுவனம் உயர் நீதிமன்றம் போயும் மனு தள்ளுபடியானது.

ஆனால் ‘கங்குவா’வை ஏன் சூர்யாவின் பெயர் தாங்கவில்லை? 2025 ஜூன் 5இல் வந்த ‘தக் லைஃப்’பை மணிரத்னம், கமல் ஹாசன் என்ற இரு பெயர்களும் ஏன் தாங்கவில்லை? ‘நாயகன்’ வந்து 38 ஆண்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்த படம் அது. நட்சத்திரப் பெயர் முதல் நாளைத்தான் தாங்கும் என்பதே இதற்கு என் பதில். ரஜினிக்கு இருப்பதுபோல் மூன்று தலைமுறை ரசிகர்கள் இருந்தால் அந்த முதல் நாள் பத்து நாளாக நீளும். மற்றவர்களுக்கு ஞாயிறோடு முடியும். அப்புறம் படம்தான் தன்னைத் தாங்க வேண்டும்.

‘தக் லைஃப்’ இன்னொரு பாடத்தையும் தருகிறது. தமிழ்ப் படங்கள் நான்கே வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போவது வழக்கமாகிவிட்டது. வடக்கே உள்ள பெரிய மல்டிபிளெக்ஸ் குழுமங்கள் எட்டு வாரம் கேட்பதால், நான்கு வார ஒப்பந்தம் போட்ட தமிழ்ப் படங்களின் இந்திப் பதிப்புக்கு அங்கே திரை கிடைப்பதில்லை; ‘லியோ’வுக்கு நடந்தது இதுதான். ‘தக் லைஃப்’ எட்டு வாரம் காத்திருக்கும் என்று அறிவித்துக்கொண்டு வந்தது. துணிச்சலான முடிவு, அறிவிப்பைப் படித்தபோது மனம் நிறைந்தது. படம் ஓடவில்லை. ஜூலை தொடக்கத்தில், நான்கே வாரத்தில், நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. காத்திருக்கும் பலம் ஓடாத படத்துக்கு இல்லை. ஓடும் படத்துக்கோ ஒப்பந்தம் காலத்தைக் கொடுப்பதில்லை.

நான்கு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும் என்று தெரிந்த பார்வையாளர் விமர்சனத்தைக் கேட்கும் விதமே மாறிவிட்டது. ‘படம் நல்லா இருக்கா’ என்பது இன்று பழைய கேள்வி. ‘தியேட்டர்ல பாக்கணுமா’ என்பதுதான் புதிய கேள்வி. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் போய்விடும். ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்ற நடுத்தரமான பாராட்டு பத்தாண்டுக்கு முன்பு ஒரு படத்தைத் தேற்றியிருக்கும். இன்று அதற்குப் பொருள் ‘வீட்டில் பார்க்கலாம்’. சுமாரான படங்களின் வசூல் அடியோடு இறங்கியதற்கு விமர்சகரின் வன்மத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

தயாரிப்பாளர்களின் புகாரில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. வாசல் மைக்கில் சிக்குபவர் யார்? முதல் காட்சிக்கு அடித்துப்பிடித்து வந்த ரசிகரோ, எதிர் முகாம் ரசிகரோதான் பெரும்பாலும். சத்தமாகப் பேசுகிறவரைத்தான் கேமரா தேடுகிறது. ஒரு நடிகரின் அரசியலுக்காகவோ சாதிக்காகவோ படம் வருவதற்கு முன்பே எழுதிவைத்த வசைகளையும் பார்க்கிறோம். பணம் வாங்கிக்கொண்டு எழுதும் புகழுரைகளையும் பார்க்கிறோம். கேரளத்தில் இதே பிரச்சினை உயர் நீதிமன்றம் போனபோது, நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவர் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்தார். நடைமுறையில் இது நிற்காது. 2023 பொங்கலுக்கு ‘வாரிசு’, ‘துணிவு’ மோதலின்போது ரசிகர் ஒருவர் லாரியிலிருந்து விழுந்து இறந்த பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுபோயின. முதல் காட்சி ஒன்பது மணிக்குத்தான். ‘ஜெயிலர்’ வந்த அன்று கேரளத்திலும் கர்நாடகத்திலும் ஆறு மணிக்கே திரை விலகிவிட்டது; அமெரிக்க பிரீமியர் அதற்கும் முன்னால். தமிழ்நாட்டுக் கவுன்டர் திறப்பதற்குள் படத்தின் முடிவுவரை வந்து சேர்ந்துவிடும் காலத்தில் எந்த வாயை எங்கே கட்டுவது?

கருத்தின் தரத்தை உயர்த்த வேறு வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1979 முதல், வெளியீட்டு நாளில் பணம் கொடுத்துப் படம் பார்த்தவர்களிடம் சீட்டைக் கொடுத்து ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் கேட்கிறது. வயதும் பாலினமும் அந்தச் சீட்டில் இருக்கும். கத்திப் பேசுகிறவருக்கும் அமைதியாக வீடு திரும்புகிறவருக்கும் அங்கே ஒரே ஓட்டு. மாட்டுத்தாவணியிலும் காந்திபுரத்திலும் அப்படியொரு சீட்டு கொடுக்கப்பட்டால், நாற்பது வயதுப் பெண்கள் ஒரு படத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முதல்முறையாக நமக்குத் தெரியவரும். இன்றைய மைக்குகள் அவர்களிடம் அதிகம் போவதில்லை. திங்கட்கிழமைக்குப் பிந்தைய கூட்டத்தில் அவர்கள் பங்கோ பெரியது.

அதைவிட அவசரமான வேலை எண்களை வெளியே வைப்பது. தென் கொரியாவில் அரசின் திரைப்படக் கவுன்சில் நாட்டின் டிக்கெட் விற்பனையை ஒரே வலையமைப்பில் இணைத்து, எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் தலை எண்ணிக்கையாகவே வெளியிடுகிறது. பக்கத்தில் கேரளத் தயாரிப்பாளர் சங்கம் 2025 தொடக்கத்தில் மாதந்தோறும் படத்தின் செலவையும் திரையரங்கு ஷேரையும் வெளியிட ஆரம்பித்தது. ஜனவரியில் வந்த 28 படங்களில் ‘ரேகாசித்திரம்’ ஒன்றுதான் லாபம், மொத்த நட்டம் 110 கோடி என்று அந்த முதல் பட்டியல் சொன்னது. நடிகர்களுக்குக் கோபம் வந்தது. ‘ஆபீசர் ஆன் டியூட்டி’யின் கணக்கு தவறு என்று குஞ்சாக்கோ போபன் மறுத்தார். மறுக்கட்டும். மறுப்பதற்காவது அங்கே ஓர் எண் இருக்கிறது. இங்கே தயாரிப்பாளர் ஒரு போஸ்டர், ரசிகர் ஒரு பட்டியல், வர்த்தகக் கணிப்பாளர் இன்னொரு தொகை என்று மூன்று எண்கள் சுற்றுகின்றன. மூன்றையும் சரிபார்க்கப் பொதுவான ஏடு இல்லை. உண்மையான டி.சி.ஆர். வெளியே தெரியாத வரை முதல் நாள் கூச்சலே வசூலின் அளவுகோலாக இருக்கும். அதைப் பார்த்து அடுத்த படத்துக்கு நாயகனின் சம்பளமும் பேசப்படும்.

ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உள்ளாட்சி அமைப்பு வரி வாங்குகிறது. பெரும்பாலான டிக்கெட் கணினி வழியாகவே விற்கிறது. எண்கள் ஏற்கெனவே அரசின் கணக்கில் இருக்கின்றன; புதிதாக எண்ண வேண்டியதில்லை, வெளியிட வேண்டியதுதான். அப்படி வெளியிட்டால் முதலில் பயன்பெறுவது ஆண்டுதோறும் வரும் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் பெயரே தெரியாமல் போகும் சிறிய படங்கள். வெள்ளிக்கிழமை 40 பேர், சனிக்கிழமை 70, ஞாயிற்றுக்கிழமை 110 என்று ஏறிய ஒரு பகல் காட்சியைத் திங்கட்கிழமை தூக்கும்போது, தூக்கியது ஏறிக்கொண்டிருந்த படத்தை என்று அந்த இயக்குநரால் எண்ணைக் காட்டிக் கேட்க முடியும். முதல் ஏழு நாளுக்குக் காட்சியைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தயாரிப்பாளர் சங்கமும் திரையரங்க உரிமையாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுதலாம். விமர்சனத்துக்கு மூன்று நாள் பூட்டுக் கேட்டு நீதிமன்றம் போன சங்கங்கள், படத்துக்கு ஏழு நாள் திரை கேட்டு அதே முனைப்போடு பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும்.